கையெழுத்துப் போடாத ஒரு நார்மல்

நாற்காலியில் நிலையாக உட்காரத் தெரியாதவள் என்று என்னைப் பற்றி உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். உண்மைதான். காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே என்னால் தேய்ந்தது செருப்புதான். எனக்கென்று போட்டிருந்த நாற்காலி கடைசி வரை புதுசாகவே இருந்தது. இப்போதும் செவிலிமேட்டு வீட்டில் காலையில் டவுன் பஸ் ஹாரன் கேட்டால் கால் தானாக வாசலுக்குப் போய்விடுகிறது. "யாருக்கு ரிப்போர்ட் குடுக்கணும் அத்தே?" என்று மருமகள் கிண்டல் செய்கிறாள். செய்யட்டும்.

நீங்கள் இந்த வேலைக்குப் புதியவர்கள். ரத்தம் எடுப்பது, சுழற்றுவது, மெஷினுக்குத் தினமும் காலையில் பரீட்சை வைப்பது எல்லாம் பழகப் பழக வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. எண் திரையில் வந்துவிட்டது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அந்தச் சின்ன இடைவெளியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். யாரும் உங்களுக்கு அதைப் பாடமாக நடத்தமாட்டார்கள். ஆனால் உங்களை எல்லாரும் அவசரப்படுத்துவது அங்கேதான்.

எனக்கு வேலை பழக்கிய மேடம் ஒருவர் இருந்தார். பொட்டில் அடித்தாற்போல் பேசுவார். "மெஷின் சொல்றத எழுது. உன் மனசு சொல்றத வீட்ல போய் சொல்லு" என்பார். அவர் சொன்னது சரி. நான் அந்த விதியோடு வருடக்கணக்காகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அது சரியான விதி. என் சந்தேகங்களில் பாதிக்கு மேல் வெறும் சந்தேகமாகவே முடிந்தவை. ரிப்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, மறுபடி ஓட்டி, அதே எண் வந்து, ரிப்போர்ட்டுக்காக லேப் ஜன்னலில் நின்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிய நாட்கள் ஏராளம். ஆனாலும் அந்த விதியில் மேடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மெஷினிடம் நாம் என்ன கேட்டோமோ அதற்குத்தான் அது பதில் சொல்லும். கேள்வியை மாற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இதை எனக்குப் புரியவைத்தவள் பத்மா.

பத்மா சின்ன காஞ்சிபுரத்துக்காரி. கணவர் குமரேசனோடு சேர்ந்து வீட்டிலேயே பட்டு நெய்கிறவள். அவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். குறுக்கு நூலை ஓட்டுகிற நாடா இரண்டுக்கும் தனித்தனி. நெய்யும்போதே இரண்டு நூலையும் ஒன்றோடொன்று கோத்து வாங்க வேண்டும். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. குமரேசன் தறியில் உட்கார, பத்மா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவாள். அவர் வாங்கித் திருப்பிப் போடுவார், அவள் வாங்குவாள். ஒருவர் படுத்துவிட்டால் தறியும் படுத்துவிடும். வேறு ஆளை உட்காரவைத்தால் கை மாறினது கரையில் தெரிந்துவிடும் என்பார்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு நாள் அவள் மூச்சு வாங்க எங்கள் ஜன்னலுக்கு வந்தாள். படி ஏற முடியவில்லை, தலை சுற்றுகிறது. பேசும்போதே முந்தானையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு மென்றாள். பார்த்தால், வெறும் அரிசி.

"எவ்ளோ நாளாமா இது?" என்றேன்.

"தறியில உக்காந்தா வாய் கேக்குது சிஸ்டர். வேற ஒண்ணும் இல்ல."

லேப்பில் இருக்கிற என்னை அவள் எப்போதும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். திருத்தி அலுத்துவிட்டேன். அரிசி, மண், சாக்பீஸ் என்று கண்டதையும் மெல்லத் தோன்றினால் உடம்பில் இரும்பு தீர்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதித்ததில் அப்படித்தான் இருந்தது. இரும்பின் இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடந்தது. டாக்டர் இரும்பு மாத்திரை எழுதினார். அடுத்த முறை வந்தபோது, "வாயெல்லாம் துருப்புடிச்ச மாதிரி இருக்குது சிஸ்டர், இத மனுஷன் தின்னுவானா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். தின்னத்தான் வேண்டும் என்று அனுப்பிவைத்தேன். எனக்கு அவளைப் பிடிக்கும். என்னைப் போலவே கை சும்மா இருக்காத ஜாதி.

ஃபெரிட்டின் என்ற பெயரை நீங்கள் படித்திருப்பீர்கள். உடம்பு இரும்பைச் சேர்த்துவைக்கிற பெட்டி அது. ஊருக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தியது கொரோனா. அந்த நாட்களில் டீக்கடையில் நின்றுகொண்டு, "உனுக்கு ஃபெரிட்டின் எவ்ளோபா?" என்று கேட்டுக்கொண்டார்கள். வைரஸுக்கும் பெருக இரும்பு வேண்டும். அதனால் காய்ச்சல் வந்ததும் உடம்பு இரும்பை உள்ளே இழுத்துப் பூட்டிவிடுகிறது. ரத்தத்தில் ஃபெரிட்டின் ஏறுகிறது. இதுவரை நல்லது. சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு கட்டுக்கடங்காமல் போய், வைரஸோடு போட வேண்டிய சண்டையைத் தன் ஈரலோடும் எலும்பு மஜ்ஜையோடும் போட ஆரம்பித்துவிடும். அப்போது இந்த எண் கண்மண் தெரியாமல் ஏறும். ஊர் இதைச் சுருக்கி ஒரு சட்டம் போட்டுக்கொண்டது. ஏறினால் ஆபத்து, நார்மல் என்றால் தப்பித்தோம். அந்தச் சட்டத்தின் இரண்டாவது பாதியில்தான் பத்மா மாட்டிக்கொண்டாள்.

மழை பிடித்தது. டெங்கு வந்தது. வார்டில் கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை. பத்மாவும் வந்து சேர்ந்தாள், நல்ல காய்ச்சலோடு. தட்டணுக்கள் இறங்கின, பிறகு இறங்குவது நின்றது. காய்ச்சலும் விட்டது. இனி வீட்டுக்கு அனுப்பலாம் என்கிற கட்டம். ஆனால் டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வார்டு டாக்டருக்குத் தெரியும். என் மகன் வயது அவருக்கு, அதிகம் பேசமாட்டார். அவள் எதிர்பார்த்ததைவிடச் சோர்ந்து கிடக்கிறாள் என்று அனுப்புவதற்கு முன் சில பரிசோதனைகள் கேட்டிருந்தார். அதில் ஒன்று ஃபெரிட்டின்.

காலை நேரம். ஜன்னலில் கூட்டம் முட்டிக்கொண்டிருந்தது. என்னோடு வேலை பார்த்த தினேஷ் மெஷினில் இருந்தான். கெட்டிக்காரன். திரையைப் பார்த்ததும் சிரித்தான்.

"மேடம், நம்ம அரிசி பத்மாக்கா! ஃபெரிட்டின் நார்மல் வந்துக்குது. மாத்திரை வேல செஞ்சுடுச்சி."

நானும் போய்ப் பார்த்தேன். நார்மலுக்குச் சரியாக நடுவில் ஒரு எண். தினேஷ் சொன்ன விளக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. முன்பு இரும்பே இல்லை. மாத்திரை கொஞ்சம் ஏற்றியது. காய்ச்சல் இன்னும் கொஞ்சம் ஏற்றியது. இப்போது நடுவில் வந்து நிற்கிறது. அழகான விளக்கம். நான் பேனாவை எடுத்தேன். எனக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன்.

"இன்னா மேடம்?"

"தெரியலபா. இன்னொரு தடவ ஓட்டு."

"கார்டு கம்மியா இருக்குது மேடம். புது ஸ்டாக் வரல. காலைல வச்ச கண்ட்ரோல் டெஸ்ட் எல்லாம் கரெக்டா வந்துது. சாம்பிள் ஓகே. எதுக்கு ரிப்பீட்?"

எங்கள் மெஷினில் ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு கார்டு செலவாகும். மழையில் வண்டி வராமல் கார்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குச் சொல்லக் காரணம் இல்லை. காரணம் இல்லாமல் அதிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, "ஓட்டுன்னா ஓட்டு" என்றேன். ஓட்டினான். அதே எண். வித்தியாசம் சொல்லுகிற அளவுக்குக்கூட இல்லை. அவன் காலி கார்டைக் குப்பையில் போட்ட விதத்திலேயே எல்லாம் இருந்தது. என் முகம் சூடாகிவிட்டது.

அதற்குள் வார்டிலிருந்து போன். தினேஷ் எடுத்தான். "நார்மல்தான் சிஸ்டர். மேடம் சைன் மட்டும் பாக்கி." வைத்துவிட்டான்.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். கையெழுத்தாகாத ஒரு சொல் அங்கேயே லேப்பை விட்டு வெளியேறிவிட்டது. நர்ஸ் காதுக்குப் போனது, அங்கிருந்து குமரேசனுக்குப் போனது, அவர் போனில் வீட்டுக்குச் சொல்லிவிட்டார். நார்மலாம். தறியில் ஒரு முகூர்த்தப் புடவை பாதியில் நின்றிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்திருக்கும். நல்ல செய்திக்கு இருக்கிற வேகம் கெட்ட செய்திக்குக் கிடையாது. கெட்ட செய்தியை எடுத்துக்கொண்டு போக ஆள் வேண்டும், நல்லது தானே ஓடிவிடும்.

ஒருவேளை வேறு யாருடைய ரத்தமாவது பத்மா பெயரில் வந்துவிட்டதா? என் புத்திக்கு அப்போது எட்டியது அவ்வளவுதான். நானே ஊசியும் குழாயுமாக வார்டுக்குக் கிளம்பினேன். "கூட்டம் இருக்குது மேடம்" என்று தினேஷ் பின்னால் கத்தினான். காதில் விழாத மாதிரி போய்விட்டேன்.

குமரேசன் பையைக் கட்டி வைத்திருந்தார். ஃபிளாஸ்க், போர்வை, சோப்பு டப்பா எல்லாம் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நார்மல்னு சொன்னாங்க மேடம். ரொம்ப பயந்துக்கினு இருந்தோம்."

"இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணுங்க. ஒரு சின்ன சந்தேகம்."

பத்மா கண்ணை மூடிக் கிடந்தாள். கூப்பிட்டேன். ம்ம் என்றாள். ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்தக் கசிவு நிற்க வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. இன்னொரு கை போர்வைக்கு மேல் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. விரல்கள் எதையோ பிடிப்பதும், மணிக்கட்டு லேசாகச் சுண்டி விடுவதுமாக. மறுபடி பிடிப்பது, மறுபடி சுண்டுவது.

குமரேசன் அதைப் பார்த்துச் சிரித்தார். பெருமைதான் அந்தச் சிரிப்பில்.

"காலைலேர்ந்து இப்டித்தான் மேடம். தூக்கத்துலயே நாடா போட்டுக்கினு இருக்கா. வேல ஞாபகம். வீட்டுக்குப் போனா நேரா தறியில போய் உக்காந்துடுவா."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள்கூட, "உழைக்கிற கை, சும்மா இருக்குமா?" என்றாள். நெசவு வீதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த அசைவைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? எனக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. அந்த ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம் வேறொன்று ஞாபகம் வந்தது. காய்ச்சல் முற்றி மூளை குழம்பினவர்கள் காற்றில் எதையோ பறிப்பதையும் போர்வையைப் பிடித்து இழுப்பதையும் வார்டுகளில் பார்த்திருக்கிறேன். வயல் வேலைக்காரர் களை பிடுங்குவார், தையல்காரர் துணியை நகர்த்துவார். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அதற்கு ஒரு நல்ல அர்த்தம் சொல்வார்கள்.

வெளியே வந்து டாக்டரைத் தேடினேன். மாடிப்படியில் பிடித்தேன். கையைப் பற்றிச் சொன்னேன், ரத்தக் கசிவைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"காலைல ரவுண்ட்ஸ்ல கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்களே மேடம். கொஞ்சம் லேட்டா சொன்னாங்க. ஆனா சொன்னாங்க." அவரும் நின்ற இடத்தில் நிற்காமல் ஒரு படி இறங்கி ஏறினார். "உண்மைய சொல்லட்டுமா? எனக்கும் காலைலேர்ந்து மனசே இல்ல. ஃபெரிட்டின் நார்மல்னு போன்ல சொன்னாங்க, சரி, நாமதான் வீணா பயப்படறோம்னு விட்டுட்டேன்."

நான் அவருடைய டிஸ்சார்ஜைப் பார்த்து என் சந்தேகத்தை அடக்கப் பார்த்தேன். அவர் என் எண்ணைப் பார்த்து அவருடைய சந்தேகத்தை அடக்கிவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தோம், நிற்பதாக நினைத்துக்கொண்டு.

"ஆனா மேடம், ஈரல் ரிப்போர்ட்ட பாருங்க" என்றார் அவர். "ஈரல் என்சைம் எல்லாம் தாறுமாறா ஏறிக்கினு இருக்குது. ஈரல்லதான இரும்பு நெறைய இருக்கும்? கிடங்கே ஒடஞ்சு கெடக்குது, உள்ள இருந்த சரக்கு மட்டும் எப்படி வெளிய வராம இருக்கும்?"

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. எப்போதோ படித்து, ஒரு தடவைகூடக் கண்ணால் பார்க்காத விஷயம். நம் சோதனையில் ஃபெரிட்டினைப் பிடிக்க இரண்டு கைகள் போல இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. இரண்டு கையும் ஒரே ஃபெரிட்டினைப் பிடித்தால்தான் மெஷின் அதை ஒன்று என்று எண்ணும். ஃபெரிட்டின் அளவுக்கு மீறிக் குவிந்துவிட்டால், இந்தக் கை ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், அந்தக் கை வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேராது. மெஷின் எண்ணிப் பார்த்துவிட்டு, கொஞ்சம்தான் இருக்கிறது என்று சத்தியமாகச் சொல்லும். அளவுக்கு மிஞ்சினது அளவோடு இருப்பதாகத் தெரியும். எத்தனை தடவை ஓட்டினாலும் அதேதான் வரும். அதனால்தான் என் ரிப்பீட்டும் அப்படியே வந்தது. ரத்தத்தை நீர்க்கவைத்து, கூட்டத்தைக் குறைத்து, பிறகு கேட்டால்தான் உண்மை வரும்.

ஓடினேன். இந்த வயதில் ஓடுவது நன்றாக இருக்காது, ஆனாலும் ஓடினேன்.

"தினேஷ், புது சாம்பிள டைல்யூட் பண்ணி ஓட்டு."

"கம்மியா இருக்கறத எதுக்கு மேடம் டைல்..." பாதியில் நிறுத்தினான். அவனும் படித்தவன்தான். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு பிப்பெட்டை எடுத்தான். அதற்குப் பிறகு கார்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கார்டு ஓடுகிற நேரத்தில் நான் என்ன செய்தேன் என்று நினைவில்லை. மேஜையைச் சுற்றி நடந்தேன் என்று தினேஷ் சொல்வான். ஜன்னலில் ஒருவர், "இன்னாமா, ஊர்வலம் போறியா? என் சுகர் ரிப்போர்ட் எங்க?" என்று கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. எண் வந்தது. நீர்க்கவைத்த அளவுக்குப் பெருக்கிப் பார்த்தால் முதலில் வந்ததைவிட எங்கேயோ இருந்தது. இன்னும் நீர்க்கவைத்தான். இன்னும் ஏறியது. மறுபடி நீர்க்கவைத்தான். தினேஷ் எழுந்து நின்றுவிட்டான்.

"இது இன்னா மேடம்... முடிவே இல்லாம போய்க்கினு இருக்குது."

டாக்டருக்கு நானே போன் செய்தேன். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "சென்னை."

எங்கள் மருத்துவமனையில், உடம்பு தன்னையே தாக்குகிற அந்த நிலைக்கு வைத்தியம் பார்க்க வசதி இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் சொல்லியாகிவிட்டது. ஆனால் குமரேசன் கட்டின பையோடு நின்றுகொண்டு மறுத்தார். டாக்டர் சொல்லிப் பார்த்தார், நர்ஸ் சொல்லிப் பார்த்தார். நான் போனபோது அவர் குரல் வராண்டா வரைக்கும் கேட்டது.

"காலைல நார்மல், இப்ப ஆபத்தா? காச்சலும் இல்ல. எந்த நம்பர நாங்க நம்புறது மேடம், நீங்களே சொல்லுங்க!"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மெஷினின் இரண்டு கைகளைப் பற்றி அவருக்கு விளக்கிக்கொண்டு நிற்க நேரம் இல்லை. நம்பிக்கையோடு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் இரண்டு நாள் தாங்குவாளோ என்னவோ என்ற பயம் எனக்கு. அவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கட்டிலுக்குக் கூட்டிப்போனேன்.

"நம்பரை வுடுங்க. அவங்க கைய பாருங்க. நீங்க தறிக்காரர். சரியா பாத்து சொல்லுங்க, இது நாடா போடறதுதானா?"

எனக்குப் பதில் தெரிந்து கேட்கவில்லை. நான் நெசவு தெரியாதவள். அவர் பார்த்து, ஆமாம் என்று சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அவர் எரிச்சலோடுதான் குனிந்தார். பத்மாவின் கை பிடித்தது, சுண்டியது. பிடித்தது, சுண்டியது. அவர் தன் கையை அவள் கைக்கு எதிரே, தறியில் உட்காருகிற தூரத்தில் நீட்டினார். எப்போதும் நாடா வந்து விழுகிற இடமாக இருக்க வேண்டும். விரலை விரித்து வாங்கினார், திருப்பிப் போட்டார். அவள் கை அதைக் கவனிக்கவே இல்லை. அது பாட்டுக்குச் சுண்டிக்கொண்டிருந்தது. மறுபடி போட்டார்.

"பத்து, புடி" என்றார். "பத்து, இந்தா, புடிமா."

அவள் கண் பாதி திறந்து வேறு எங்கோ பார்த்தது.

குமரேசன் நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"வாங்க மாட்டேங்குறா மேடம்" என்றார். "போட்டா திருப்பி வாங்கணும். இவ வாங்கவே இல்ல. போட்டுக்கினே இருக்கா."

பிறகு யாரும் அவரிடம் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையை அவரே தூக்கிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். மழை தூறிக்கொண்டிருந்தது. நீர்க்கவைத்துப் பார்த்த எண்ணை எழுதி, எப்படி வந்தது என்பதையும் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலில் வந்த நார்மலில் நான் கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அது என்னைக் கேட்காமலேயே ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்துவிட்டது.

அடுத்து வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. இருப்புக் கொள்ளாமல் திரிந்தேன். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் இன்னும் பயம். தினேஷ் அரை மணிக்கு ஒரு தரம், "எதனா தகவல் வந்துதா மேடம்?" என்பான். சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் மருமகளிடம் தேவையில்லாமல் எரிந்து விழுந்தேன். எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டோம் என்ற ஆறுதல் எனக்கு வரவே இல்லை. சரியான எண் ஒரு மனுஷியைக் காப்பாற்றாது; காப்பாற்றுகிறவர்களிடம் போய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் உடம்பு இருக்கிறது, அவர்கள் வைத்தியம் இருக்கிறது.

கடைசியில் குமரேசனே போன் செய்தார். உடம்பின் வெறியை அடக்குகிற மருந்து கொடுத்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்து பார்த்தாள். முதலில் கேட்டது தண்ணீர். அப்புறம், "தறிய மூடி வச்சியா? மழ சாரல் அடிக்கப் போவுது" என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போது அவர் அழுதார். நானும் லேப்பின் பின்பக்கம் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். ஜன்னலில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இதிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், எல்லா ரத்தத்தையும் நீர்க்கவைத்துப் பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் செய்தால் ஜன்னலில் உங்களை அடித்துவிடுவார்கள். சந்தேகத்தைப் பெரிய குணமாக நினைத்துக்கொண்டு அலையாதீர்கள். அதுவும் ஒரு வகைக் கர்வம்தான். நான் சொல்வது இதுதான். ஒரு எண் உங்களை நிம்மதியாக்கினால், யார் நிம்மதிக்காக அதை ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு தடவை கேளுங்கள். அன்றைக்கு மாத்திரை, காய்ச்சல் விட்டது, நாடா போடுகிற கை என்று மூன்று நல்ல விளக்கங்கள் எங்கள் கையில் இருந்தன. மூன்றையும் எல்லாரும் அன்போடுதான் சொன்னோம். அந்த அன்பு அவளை வீட்டுக்கு அனுப்ப இருந்தது. உங்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போய் ஆளைப் பாருங்கள். லேப்புக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான் இருக்கிறது.

அப்புறம் பத்மாவை நான் பார்த்தது, வெயில் காலம் தொடங்கியபோது. என் ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியுமாக வந்தார்கள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள், தலைமுடி கொட்டியிருந்தது, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை. "எங்க சிஸ்டர், உன் துருப்புடிச்ச மாத்திர?" என்று ஜன்னலிலேயே ஆரம்பித்தாள். சென்னை டாக்டர்கள் இரும்புச் சத்தை மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். ரத்தம் கொடுத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தவள், பேச்சோடு பேச்சாக முந்தானையில் முடிந்திருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

தினேஷ் கார்டை ஓட்டினான். எண் வந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் சொல்வதற்கு முன்பே நீர்க்கவைத்தும் ஓட்டினான். இரண்டு வழியிலும் ஒரே பதில். அடிமட்டம். பழையபடி அவள் உடம்பில் இரும்பு இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தினேஷும் சிரித்தான். குமரேசன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதறினார்.

"இன்னா மேடம் வந்துக்குது? நார்மலா?"

"இல்லைங்க. ரொம்பக் கம்மி."

"கம்மிக்கா இப்டி சிரிக்கிறீங்க?"

பேனாவை எடுத்தேன். அன்றைக்கு நடக்காமல், நின்ற இடத்தில் நின்றே கையெழுத்துப் போட்டேன்.